ஹெரல்ட் தொரையின் முறைப்பாடு

சுமன் மாஸ்டர் அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். கொட்டகலைக் கடைத்தெருவில் இருக்கிற ராணி கொமினிகேஷன் கடையின் கொம்பியூட்டர் திரையில், ஒரு சன்னலைப் பிடித்து இழுத்தால் அது வால் விடாமல், உதறாமல், நடுவழியில் நின்று யோசிக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்காகத் தன் உயிரைக் கொடுக்கவும் தயார் என்றார். கடையின் சொந்தக்காரியும் அவருடைய மனைவியுமான ஜீவராணி, உயிரெல்லாம் வேண்டாம், கையை எடுத்தால் போதும் என்றாள்.

அந்தக் கொம்பியூட்டர் ஒரு கிழம். விண்டோஸ் போட்டால் அதற்கு மூச்சு வாங்கியது. கடையை மூடிவிடலாமா என்று ஜீவராணி நினைத்த வேளையில் மாஸ்டர் அதில் லினக்ஸைப் போட்டார். கிழம் எழுந்து ஓடியது. மாஸ்டர் அன்றைக்கே கையைக் கழுவிக்கொண்டு கணக்குப் பாடம் நடத்தப் போயிருந்தால் அவருக்குக் கடைவாசலில் சிலை வைத்திருப்பாள். அவர் போகவில்லை.

லினக்ஸில் சன்னல் மேலாளர் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. திரையில் திறக்கிற ஒவ்வொரு சன்னலுக்கும் சட்டம் போட்டு, தலைப்பட்டை வைத்து, நீ முன்னால் போ, நீ பின்னால் நில் என்று இடம் பிரித்துவிடுகிற வேலை அதற்கு. தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் ஆட்களை மலைமலையாகப் பிரித்து அனுப்புகிற கண்டாக்கு ஐயாவின் வேலைதான். மாஸ்டர் போட்டிருந்த மேலாளரை எழுதிய ஆள் அதை எப்போதோ கைவிட்டுவிட்டார். பழைய கொம்பியூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிற சிலர் மட்டும், உலகத்தின் மூலை முடுக்குகளிலிருந்து, அதன் நிரலில் திருத்தங்களை ஒட்டுமேல் ஒட்டாகப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒட்டுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பராமரித்துவந்த போலந்துக்காரருக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. பொறுப்பை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று அவர்களுடைய இணையக் குழுவில் கேட்டார். நாலாவது நிமிஷம் சுமன் மாஸ்டர் கையைத் தூக்கினார். வேறு கை எதுவும் தூக்கியிருக்கவில்லை.

"ராணி, இன்னைலருந்து நான் பராமரிப்பாளர்" என்றார் வீட்டுக்கு வந்து.

"எதுக்குங்க?"

"ஒரு சர்வதேச மென்பொருளுக்கு."

"எத்தன பேரு பாவிக்கிறாங்க?"

"பதினாலு பேரு."

"கோயில் கமிட்டியிலயே இருபத்தொரு பேருங்க."

"அது கொட்டகலை. இது உலகம்" என்றார் மாஸ்டர்.

உலகத்துக்குப் போகிற ஒட்டு எதுவானாலும் முதலில் ராணி கொமினிகேஷனில் சோதிக்கப்பட்டது. வீட்டில் மூடி உடைந்த மடிக்கணினி ஒன்று இருந்தது. ஆனால் அது கொஞ்சம் புதியது. கிழட்டு இயந்திரத்தில்தான் உண்மை தெரியும் என்பது மாஸ்டரின் கொள்கை. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். இரண்டு மணிக்குக் கடைக்கு வருவார். ஜீவராணி பின்கட்டில் சோறு சாப்பிடுகிற இருபது நிமிஷம் அவருடைய ஆராய்ச்சிக் காலம். அவள் கை கழுவிவிட்டு வரும்போது ஏதோ ஒன்று மாறியிருக்கும். ஒரு நாள் சன்னல்கள் எல்லாம் இடது மூலையில் போய் ஒண்டிக்கொண்டன. ஒரு நாள் மூடுகிற பொத்தான் காணாமல் போய், திறந்த சன்னல்களை மூட முடியாமல் பின்னேரம் முழுக்கத் திரை நிறைந்து வழிந்தது.

"என்னாங்க செஞ்சீங்க?"

"வேகம் கூட்டியிருக்கேன். பாரு, பன்னிரண்டு சதவீதம்."

"பொத்தானக் காணோமே."

"அது அடுத்த ஒட்டுல வரும்."

இப்படியே நாலு மாதம் போனது. அந்தக் கடையை நம்பி வருகிறவர்கள் சும்மா வருகிறவர்கள் இல்லை. அடையாள அட்டை விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழில் பேர் திருத்தம், பரீட்சைப் படிவம் என்று, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, மலையிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். இன்றைக்கு முடியாது, நாளைக்கு வாங்க என்று அவர்களிடம் சொல்ல ஜீவராணிக்கு வாய் வராது. இரண்டு தரம் அப்படிச் சொன்னால் மூன்றாம் தரம் அவர்கள் வரமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆறு வருஷம் பாடுபட்டு எடுத்த பேர் அது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

பூண்டுலோயா பக்கத்துத் தோட்டத்திலிருந்து நிலக்ஷி என்ற பெண் வந்திருந்தாள். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம். பின்னேரம் நாலு மணியோடு முடிகிறது. பஸ் பழுதாகி, அவள் கடைக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மணி. அன்றைக்கு ஆட்கள் நிறைய வந்ததால் ஜீவராணி இரண்டே முக்காலுக்குத்தான் சோற்றில் கை வைத்திருந்தாள். மாஸ்டருக்கு ஆராய்ச்சிக் காலம் பிந்திப் பிறந்திருந்தது.

ஜீவராணி வந்து உட்கார்ந்தாள். திரையில் படிவம் இருந்தது. தலைப்பட்டை இல்லை. சட்டம் இல்லை. சன்னலின் கீழ்ப்பாதி திரைக்கு வெளியே எங்கோ போயிருந்தது. அனுப்புகிற பொத்தான் அங்கேதான் இருக்கிறது. எழுத்தைத் தட்டினாள். ஏறவில்லை. மறுபடி தட்டினாள். நிலக்ஷி தன் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னாங்க இது?"

"ஒரு நிமிஷம் ராணி. மேலாளர் விழுந்திருச்சு. தூக்கிவிடுறேன்."

"எத்தன நிமிஷம்?"

"ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷமா? ஒரு பேச்சுக்குச் சொல்றது."

மணி மூன்று பத்து. மாஸ்டர் கறுப்புத் திரையைத் திறந்து வெள்ளை எழுத்தில் என்னென்னவோ அடித்தார். மணி மூன்று இருபது. "இப்ப புரிஞ்சிருச்சு" என்றார். மூன்று முப்பதுக்கு, புரிந்தது வேறு என்றார். ஜீவராணி எழுந்தாள். நிலக்ஷியின் கையைப் பிடித்தாள். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத்து ஹமீத் நானாவின் கடைக்குள் போனாள். ஆறு வருஷமாகப் போட்டிக் கடை. அவள் அந்தப் படியை மிதித்ததே இல்லை.

"வாங்க தங்கச்சி, மெசின் சும்மாதான் ஈக்கி" என்றார் ஹமீத் நானா. வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. நிலக்ஷி அழுதுகொண்டே சிரித்தாள். அதற்குப் பிறகு வந்த ஏழு பேரும் நேரே ஹமீத் நானாவின் கடைக்கே போனார்கள். மாஸ்டர் நாலேகாலுக்கு வாசலுக்கு வந்து, "சரியாயிருச்சு" என்று ரோட்டைப் பார்த்து அறிவித்தார்.

அன்று வீட்டில் ஜீவராணி கத்துவாள் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். அதற்கு நாலு பதில் தயார் பண்ணியும் வைத்திருந்தார். அவள் கத்தவில்லை. தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாலு மாசமா நான் சொல்றேன். நீங்க கேக்கல. வேற யாரு சொன்னா கேப்பீங்க?"

"யாரு சொல்றதுங்கிறது இல்ல ராணி. எப்படிச் சொல்றதுன்னு ஒண்ணு இருக்கு. எந்தப் பதிப்பு, என்ன செஞ்சீங்க, என்ன நடந்திச்சு, என்ன நடந்திருக்கணும். நாலு தலைப்புல எழுத்து மூலம் குடுக்கணும். அதுதான் முறைப்பாடு. சும்மா கத்துறது முறைப்பாடு இல்ல."

"நான் கத்தினனா?"

"பொதுவாச் சொன்னேன்."

"எழுத்துல குடுத்தா பாப்பீங்களா?"

"பாத்தே ஆகணும். விதி அது."

"யாரு குடுத்தாலும்?"

"யாரு குடுத்தாலும்" என்றார் மாஸ்டர் பெருந்தன்மையோடு.

மறுநாளே ஒரு தாள் அவர் கைக்கு வந்தது. நாலு தலைப்பும் அடிக்கோடு போட்டு ஒழுங்காக இருந்தன. என்ன செய்தீர்கள் என்பதற்குக் கீழே, 'சாப்பிடப் போனேன்' என்று எழுதியிருந்தாள். என்ன நடந்தது: 'ஒன்றுமே நடக்கவில்லை.' என்ன நடந்திருக்க வேண்டும்: 'நீங்கள் ஸ்கூலிலேயே இருந்திருக்க வேண்டும்.'

பாவம், அவர் கை வாத்தியார் கை. அது தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. ஒற்றெழுத்து இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்ததைத் திருத்தினார். ஓரத்தில் 'விவரம் போதாது' என்று எழுதினார். இருபதுக்கு ஒன்பது போட்டார். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது ஜீவராணி அதை வாங்கி நிதானமாகப் படித்தாள். மடித்து வைத்தாள். மாஸ்டர் இதை ஒரு வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் கழித்து, பதினைந்தாவது பாவனையாளர் வந்தார்.

பேர் ஹெரல்ட். முன்பின் தெரியாதவர். குழுவில் அவருடைய முதல் முறைப்பாடு இங்கிலீசில் இப்படி இருந்தது: 'தங்களுடைய கடைசி வெளியீடு தொடர்பில் சில விடயங்கள் என் கவனத்துக்கு வந்துள்ளன. தலைப்பட்டை மறைகிறது. தட்டச்சு ஏறுவதில்லை. இது திருப்திகரமாக இல்லை. தயவுசெய்து உடனே கவனித்து எனக்கு அறிவிக்கவும்.'

மாஸ்டரின் தாத்தா காலத்தில், தோட்டத்துப் பெரிய தொரையின் கையெழுத்தோடு ஒரு துண்டுக் காயிதம் லயத்து வீட்டுக்கு வந்தால், தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதை யாரிடமாவது வாசிக்கக் கொடுப்பாராம். மாஸ்டர் அப்படியில்லை. பட்டதாரி. ஆசிரியர் சங்கத்தில் தொரைத்தனத்தை எதிர்த்து மேடையில் முழங்கியவர். ஆனாலும் 'திருப்திகரமாக இல்லை' என்ற வரியை வாசித்து முடித்தபோது தான் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பதை அவரே கண்டுபிடித்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

நாலு மாதமாக அடுத்த ஒட்டில் வரவிருந்தது, அன்று ஒன்றேகால் மணி நேரத்தில் வந்தது.

"ராணி, ஒரு பெரிய ஆள் நம்மளக் கவனிச்சுக்கிட்டிருக்கார். ஸ்கொட்லாந்துக்காரர்."

"அப்படின்னு சொன்னாருங்களா?"

"சொல்லணுமா? எழுத்தப் பாத்தாலே தெரியுது. பழைய வெள்ளக்கார தொரை. வயசு எழுபதுக்கு மேல இருக்கும். நீ தோட்டத்து ஒபீசுல காயிதம் அடிச்சவதானே, இந்தா, நீயே பாரு."

ஜீவராணி கலியாணத்துக்கு முன்னால் ஒரு தோட்டத்து ஒபீசில் தட்டச்சு வேலை பார்த்தவள். பெரிய தொரை வாயால் சொல்லச் சொல்ல, ஆறு வருஷம் அவருடைய கடிதங்களை அடித்தவள். திரையைக் குனிந்து பார்த்தாள்.

"தொரைமாரு தயவுசெய்துன்னு போட மாட்டாங்களே" என்றாள்.

அடுத்த முறைப்பாட்டில் தயவுசெய்து இல்லை. பார்த்தாயா, நெருக்கம் கூடக் கூட மனுஷன் உரிமையோடு எழுதுகிறார் என்று மாஸ்டர் பூரித்துப் போனார்.

ஹெரல்ட் கெட்டிக்காரர். சும்மா குறை சொல்லுகிறவரில்லை. பாவனையில் இருக்கிற இயந்திரத்தில் வேலைநாட்களில் கை வைக்கக்கூடாது என்று ஒரு விதி கொண்டுவந்தார். எந்த ஒட்டையும் ஒரு கிழமை, ஏழு நாளும், வேறு கணினியில் ஓட்டிப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும் என்று இன்னொரு விதி. மூடி உடைந்த மடிக்கணினி மேசைக்கு வந்தது. ராணி கொமினிகேஷனில் சன்னல்கள் திறந்தன, மூடின, சொன்ன இடத்தில் நின்றன. எதிர்க்கடைக்குப் போன ஏழு பேரில் ஐந்து பேர் திரும்பி வந்தார்கள்.

"நானும் இதத்தாங்க சொன்னேன்" என்றாள் ஜீவராணி ஒரு நாள்.

"நீ சொன்னது வேற. அவர் காரணத்தோட சொல்றார்."

"அப்படிங்களா."

"ஒனக்கு வெளங்காது ராணி. அனுபவம்னு ஒண்ணு இருக்கில்ல."

ஜீவராணி விண்ணப்பங்களை அடுக்கி ஸ்டேப்ளரால் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். அந்த ஊசிச் சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

எல்லாம் நல்லபடியாக இருந்தும் மாஸ்டருக்கு நிம்மதியில்லை. கொம்பியூட்டர் ஒழுங்காக ஓடினால் பராமரிப்பாளருக்கு என்ன வேலை? விண்ணப்ப நாளில் மின்சாரம் போனால்கூட ஜீவராணி அவரைத்தான் திரும்பிப் பார்த்தாள். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் அவரைத்தான் பார்த்தாள். செய்யாத குற்றத்துக்கெல்லாம் முழி வாங்கி வாங்கி எரிச்சல் ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, அவருக்கு ஒரு யோசனை உதித்தது. குற்றம் வந்து விழுகிற இடத்தையே கடல் தாண்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டால் என்ன?

குழுவுக்கு ஒரு பிரேரணை அனுப்பினார். இனிமேல் எந்த ஒட்டும் ஹெரல்ட் ஒப்புதல் இல்லாமல் வெளியீட்டில் சேராது. அவருடைய சொல்லே முடிந்த சொல். பதினைந்து பேரில் ஒன்பது பேர் ஆமென்றார்கள். மிச்சப் பேர் வழக்கம்போல ஆளையே காணோம். ஹெரல்ட் ஒரே வார்த்தையில், 'ஏற்கிறேன்' என்று எழுதினார்.

மாஸ்டர் அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"ராணி, இனிமே கொம்பியூட்டர்ல என்ன நடந்தாலும் எங்கிட்ட கேக்கப்படாது. எல்லா அதிகாரத்தையும் தொரைக்கு எழுதிக் குடுத்துட்டேன். குறை இருந்தா ஸ்கொட்லாந்துக்கு எழுதிக் கேளு."

"எல்லா அதிகாரத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"திரும்பி வாங்க ஏலாதா?"

"அவரா மனசு வச்சுத் தந்தாத்தான் உண்டு."

"சரிங்க" என்றாள் ஜீவராணி. ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். அன்று அவருக்கு இரண்டு ரொட்டி கூடுதலாகக் கிடைத்தது.

இனித் தடையில்லை என்று மாஸ்டர் தன் வாழ்நாள் ஒட்டில் இறங்கினார். ஒரு சன்னலை மூடினால் அது பட்டென்று மறையாது; விடியற்காலை மலையில் பனி கலைவதுபோல ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் கரையும். முந்நூற்று நாற்பது வரி. இரண்டு மாதம். பரீட்சைத் தாள் திருத்துகிற மேசையில், பரீட்சைத் தாள்களுக்குக் கீழே ஒளித்து வைத்து எழுதியது. எழுதி முடித்து ஓட்டிப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சன்னல் கரைந்து முடிய நாலு விநாடி எடுத்தது. அந்த நாலு விநாடியும் கொம்பியூட்டர் வேறு எதுவும் செய்யாது. அழகுக்கு அவ்வளவாவது பொறுக்க வேண்டாமா என்பது அவர் கட்சி.

அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. 'நிராகரிக்கப்பட்டது.'

காரணம் கேட்டு எழுதினார். 'பழைய இயந்திரத்துக்குப் பனி தேவையில்லை' என்று வந்தது.

நாலு விநாடியை மூன்றாகக் குறைத்து மறுபடி அனுப்பினார். 'நிராகரிக்கப்பட்டது. மீண்டும் அனுப்ப வேண்டாம்.' இரண்டு விநாடியாக்கி மூன்றாம் தரமும் அனுப்பினார்.

புதன்கிழமை பின்னேரம் மாஸ்டர் கடைக்குள் வந்தபோது முகம் சிவந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அந்த ஒட்டு வெளியீட்டில் ஏறியாக வேண்டும். சனிக்கிழமை குழுவின் ஆண்டு விழா. பதினைந்து பேரும் இணையத்தில் கூடுகிறார்கள். அவர்கள் முன்னால் ராணி கொமினிகேஷனிலிருந்து பனி கலைய வேண்டும். அதே வெள்ளிக்கிழமை, அடுத்த பயிற்சிக் கல்லூரி விண்ணப்பத்துக்கு இருபத்திரண்டு பிள்ளைகள் ஜீவராணியிடம் பேர் கொடுத்திருந்தார்கள். நிலக்ஷிதான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"மூணாவது தரமும் முடியாதுன்னுட்டான் ராணி. தொரையாம் தொரை. இவனுக்கு என்ன தெரியும்? நான் குடுத்த அதிகாரம். நான் போட்ட பிச்சை. எனக்கே உத்தரவு போடுறான்."

"என்னாங்க எழுதியிருக்காரு?"

"இருபத்திரண்டு பிள்ளைங்க எதிர்காலத்தோட வெளையாடக் கூடாதாம். அவனுக்கு எங்கருந்துடா வந்தாங்க பிள்ளைங்க? இருபத்திரண்டுன்னு எண்ணி வேற வச்சிருக்கான். ஸ்கொட்லாந்துலயும் விண்ணப்பம் போடுறாங்களோ என்னமோ."

ஜீவராணி விண்ணப்பங்களை எடுத்து மேசையில் தட்டி விளிம்பு சேர்த்தாள்.

"விட மாட்டேன். இன்னைக்கு ஒரு கடிதம் எழுதுறேன். அவன் தொரை இங்கிலீசுக்கு மேல ஒரு இங்கிலீசுல எழுதுறேன். படிச்சிட்டு அவன் எந்திரிச்சு நிக்கணும்."

மாஸ்டர் அகராதியை எடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். தாளில் 'ஐயா' என்று எழுதி, அதை அடித்தார். அடுத்த வார்த்தைக்கு அகராதியைப் புரட்டினார். அது அகப்படவில்லை. வேறொன்றைத் தேடினார். பத்து நிமிஷம் போனது. நெற்றி வேர்த்தது. பிழையில்லாமல் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஜீவராணி கடைசிக் கட்டுக்கும் ஊசி குத்திவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

"இங்கிலீசுல எதுக்குங்க கஷ்டப்படுறீங்க? தமிழ்லயே எழுதிக் குடுங்க, நான் படிச்சுக்கிறேன்."